ஆப் ஓடும்... அனுமதி கிடைக்குமா?

ஆண்ட்ராய்டு ஆப்களை இரவல் வாங்கிப் பிழைக்கப் பார்த்த போன்களின் கதை

2012 செப்டம்பர் 13, ஷாங்காய். புதிய போன் ஒன்றின் அறிமுக விழாவுக்கு நிருபர்களை அழைத்திருந்தது தைவானின் ஏசர் நிறுவனம். போன் தயார். கைகோத்து நிற்க வேண்டிய கூட்டாளி, சீன இணைய வணிக ஜாம்பவான் அலிபாபா. போனுக்குள் இருந்ததும் அலிபாபாவின் சொந்த இயங்குதளமான அலியுன் ஓ.எஸ்.தான். கடைசி நேரத்தில் விழா ரத்து என்று அறிவிப்பு வந்தது.

காரணத்தை அலிபாபாவே போட்டு உடைத்தது. அந்தப் போனை வெளியிட்டால் ஆண்ட்ராய்டு தொடர்பான ஒத்துழைப்பை நிறுத்திவிடுவதாகக் கூகுள் ஏசரிடம் சொல்லிவிட்டதாம். ஏசரோ ஆண்ட்ராய்டு போன்களை விற்றுக்கொண்டிருந்த நிறுவனம். ஒரு புதுப் போனுக்காக மொத்தக் கடையையும் இழுத்து மூட எந்த முதலாளி துணிவார்?

அப்போது ஆண்ட்ராய்டுக்குத் தலைவராக இருந்தவர் ஆண்டி ரூபின். ஆப்களை ஓட்டும் ஆண்ட்ராய்டின் ரன்டைமையும் அடிக்கட்டுமானத்தையும் அலியுன் எடுத்துக்கொண்டிருக்கிறது, அதன் ஆப் ஸ்டோரில் ஆண்ட்ராய்டு ஆப்கள் திருட்டுத்தனமாக ஏற்றப்பட்டிருக்கின்றன, கூகுளின் ஆப்களும் அதில் அடக்கம் என்று அவர் குற்றம்சாட்டினார். ஆண்ட்ராய்டுக் கூட்டணியில் உறுப்பினராக இருந்துகொண்டே அதற்கு ஒத்துப்போகாத ஒன்றை ஏசர் விற்கக் கூடாது என்பது அவர் வாதம். அலிபாபா ஒப்புக்கொள்ளவில்லை. எங்களுடையது ஆண்ட்ராய்டே அல்ல, ஆண்ட்ராய்டு ஆப்கள் அதில் ஓடும், அவ்வளவுதான் என்றது.

அந்த ‘அவ்வளவுதான்’ லேசுப்பட்ட விஷயமில்லை என்று அதற்குப் பிறகு வந்த எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். பிளாக்பெர்ரி, நோக்கியா, மைக்ரோசாஃப்ட், ஹுவாவே என்று பலரும் ஆண்ட்ராய்டு ஆப்களைத் தங்கள் போனில் ஓட்டிக் காட்டிவிட்டார்கள். ஓட்டிய பிறகு என்ன ஆனது என்பதுதான் கதை. நம் ஊரில் இது கம்ப்யூட்டர் பிரியர்களின் பொழுதுபோக்கு விவகாரமும் இல்லை. கூகுள் இல்லாத ஒரு போனுக்கு நீங்கள் மாறினால், மளிகைக் கடையில் க்யூ.ஆர். கோடு முன்னால் நின்று பணம் அனுப்ப முடியுமா என்ற கேள்வி அது.

பொட்டலத்துக்குள் என்ன?

ஆண்ட்ராய்டு ஆப் என்பது ஏ.பி.கே. என்ற ஒற்றைக் கோப்பு. படங்கள், திரை அமைப்புகள், கூடவே ரன்டைமுக்குப் புரிகிற வடிவில் நிரல். கேமராவைத் திற, எழுத்தைத் திரையில் காட்டு, வைப்ரேட் ஆகு என்று ஆப் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் ஆண்ட்ராய்டில் பெயர் வைத்த ஒரு வாசல் உண்டு. அதே பெயரில் அதே வாசலை இன்னொரு ஓ.எஸ். திறந்து வைத்தால் போதும், தான் இடம் மாறியது ஆப்புக்கே தெரியாது. ஆண்ட்ராய்டின் மூல நிரல் 2008 முதல் திறந்தே கிடக்கிறது. அடியில் இருப்பது லினக்ஸ். எனவே எடுத்து ஓட்டுவதற்குத் திறமையான சில பொறியாளர்களும் பொறுமையும் போதும்.

அப்படி வாசல்களை நகலெடுப்பது திருட்டா என்று ஒரு வழக்கே நடந்தது. நகலெடுத்தது கூகுள்தான். ஜாவாவின் வாசல்களை அறிவிக்கும் சுமார் 11,500 வரிகளை ஆண்ட்ராய்டில் அப்படியே வைத்ததற்காக 2010-இல் ஆரக்கிள் வழக்குத் தொடுத்தது. 2021 ஏப்ரல் 5-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-2 என்ற கணக்கில் அது நியாயமான பயன்பாடு என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு நடந்துகொண்டிருந்த நாட்களில்தான், தன்னிடமிருந்து எடுத்ததாகச் சொல்லி அலியுனைக் கூகுள் ஷாங்காயில் தடுத்தது. வணிகத்தில் இதற்கெல்லாம் யாரும் கூச்சப்படுவதில்லை.

ஆனால், ஏ.பி.கே. கோப்புக்குள் இல்லாத ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கூகுள் பிளே சர்வீசஸ். நோட்டிஃபிகேஷன் கொண்டுவருவது, மேப் காட்டுவது, இருக்குமிடத்தைத் துல்லியமாகச் சொல்வது, கூகுள் கணக்கில் உள்ளே விடுவது, ஆப்புக்குள் பணம் வாங்குவது என்று ஆப்கள் நம்பியிருக்கும் பல வேலைகள் அதன் கையில். இது திறந்த மூல நிரல் அல்ல. கூகுளின் சோதனைகளில் தேறி, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட போன்களுக்கு மட்டுமே கிடைக்கும். அது இல்லாத போனில் ஆப் திறக்கும். மெசேஜ் வந்திருக்கும், நீங்களாகத் திறந்து பார்க்கும்வரை மணி அடிக்காது. டாக்ஸி ஆப்பில் ‘எங்கே போக வேண்டும்?’ என்ற பெட்டி வரும், அதன் பின்னால் தெருக்கள் இருக்க வேண்டிய இடம் வெறும் சாம்பல் நிறமாகக் கிடக்கும்.

2014-இல் நோக்கியா எக்ஸ் போனை வெளியிட்டபோது, ஆண்ட்ராய்டு ஆப்களில் நான்கில் மூன்று பங்கு எந்த மாற்றமும் இல்லாமல் ஓடும் என்றது நோக்கியா. மீதியைச் சரிசெய்ய கூகுளின் மேப்புக்குப் பதில் தன் மேப், கூகுளின் கட்டண வசதிக்குப் பதில் தன் வசதி என்று மாற்று ஏற்பாடும் செய்து கொடுத்தது. சில மாதங்களில் நோக்கியாவின் போன் பிரிவை வாங்கிய மைக்ரோசாஃப்ட் அந்த முயற்சியை மூடியது.

நூறு டாலர் தருகிறோம், வாருங்கள்!

இந்த வரிசையில் அதிகம் பேச வேண்டியது பிளாக்பெர்ரியைப் பற்றித்தான். ஏனென்றால் அவர்கள் எல்லாவற்றையும் ஓரளவு சரியாகவே செய்தார்கள். அப்படியும் தோற்றார்கள்.

கனடாவின் வாட்டர்லூ நகரிலிருந்து உலகத்து அதிகாரிகளின் இடுப்பில் ஏறி உட்கார்ந்த நிறுவனம் அது. ஐபோனும் ஆண்ட்ராய்டும் துரத்த, 2012 பிப்ரவரியில் தன் பிளேபுக் டேப்லெட்டில் ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்டும் வசதியைக் கொண்டுவந்தது. டெவலப்பர்கள் தங்கள் ஆப்பைப் புதிதாக எழுத வேண்டாம், பிளாக்பெர்ரிப் பொட்டலத்தில் மாற்றிக் கட்டினால் போதும். 2013 ஜனவரியில், பிளாக்பெர்ரி 10 வெளியாவதற்கு முன்பு, மாற்றிக் கட்டிய ஒவ்வோர் ஆப்புக்கும் 100 டாலர் என்று அறிவித்தார்கள். ஒன்றரை நாளுக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் ஏறத்தாழ 15,000 ஆப்கள் வந்து குவிந்தன. ஜனவரி 30 அன்று 70,000 ஆப்களோடு பிளாக்பெர்ரி 10 மேடையேறியது.

எண்ணிக்கை கேட்கக் கம்பீரமாக இருந்தது. போனைக் கையில் எடுத்தவருக்கு வேறு கதை. பிளாக்பெர்ரி 10-இன் அழகே விரலால் இழுத்து இழுத்து எல்லாவற்றையும் நடத்துவதில்தான் இருந்தது. ஆண்ட்ராய்டு ஆப்பைத் தொட்டால் ரன்டைம் எழுந்து வரக் காத்திருக்க வேண்டும். வந்ததும் வேறு எழுத்துரு, வேறு பட்டன், வேறு பழக்கம். ஒரே போனுக்குள் இரண்டு ஊர். 2014 ஜனவரியில் ஏ.பி.கே. கோப்பை நேரடியாகவே போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பாஸ்போர்ட் போன் வந்தபோது அமேசானின் ஆப் ஸ்டோரையே உள்ளே வைத்தார்கள். பயனாளருக்கு அது வரப்பிரசாதம். டெவலப்பருக்கோ கடைசிக் காரணமும் தீர்ந்துபோனது. ஆண்ட்ராய்டுக்கு எழுதியது பிளாக்பெர்ரியிலும் ஓடுமென்றால், பிளாக்பெர்ரிக்கென்று தனியாக எழுத எவன் மெனக்கெடுவான்?

இதற்கு முன்னுதாரணமும் இருந்தது. 1992-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஓ.எஸ்./2, விண்டோஸ் புரோகிராம்களை விண்டோஸை விடவும் நன்றாக ஓட்டும் என்று விளம்பரம் செய்யப்பட்டது. உண்மையாகவே நன்றாக ஓட்டியது. விளைவு, மென்பொருள் நிறுவனங்கள் விண்டோஸுக்கு மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக உறங்கின. இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதைதான்.

இன்னொரு சிக்கல் மெதுவாக வந்தது. ஆண்ட்ராய்டு ஓடிக்கொண்டே இருக்கும், இரவல் வாங்கியவர் பின்னாலேயே ஓட வேண்டும். பிளாக்பெர்ரியின் ரன்டைம் ஆண்ட்ராய்டு 4.3-இல் நின்றுபோனது. 2015 நவம்பரில் அந்த நிறுவனமே பிரிவ் என்ற ஆண்ட்ராய்டு போனை விற்கத் தொடங்கியது. 2017 முடிவோடு பிளாக்பெர்ரி 10-க்கு வாட்ஸ்அப் நின்றது. 2022 ஜனவரி 4-ஆம் தேதி பழைய போன்களுக்கான சேவைகளையும் நிறுத்திவிட்டார்கள்.

மைக்ரோசாஃப்ட்டின் கதை இதைவிடச் சின்னது. 2015 ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த டெவலப்பர் மாநாட்டில், ஆண்ட்ராய்டு ஆப்களை விண்டோஸ் போனுக்குக் கொண்டுவரும் ‘அஸ்டோரியா’ திட்டத்தையும் ஐபோன் ஆப்களுக்கான ‘ஐலண்ட்வுட்’ திட்டத்தையும் ஒரே மேடையில் அறிவித்தார்கள். பத்து மாதத்தில் அஸ்டோரியா கைவிடப்பட்டது. இரண்டு பாலம் இருப்பது டெவலப்பர்களைக் குழப்புகிறது என்று காரணம் சொன்னார்கள். ஓ.எஸ்./2-ஐ வீழ்த்திய நிறுவனத்துக்கு அந்த வரலாறு மறந்திருக்காது என்று எனக்கு ஒரு சந்தேகம். சும்மா சொல்லக் கூடாது, அந்த உழைப்பு வீணாகவில்லை. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதியாக அது மறுபிறவி எடுத்தது, புரோகிராமர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

————————
பெட்டிச் செய்தி 1
யார், எப்போது, எப்படி?

பிளாக்பெர்ரி: 2012-இல் டேப்லெட்டில் தொடக்கம். 2015-இல் ஆண்ட்ராய்டு போனுக்கே தாவல்.

யோலா: நோக்கியாவிலிருந்து வெளியேறியவர்கள் ஃபின்லாந்தில் தொடங்கிய நிறுவனம். 2013 நவம்பரில் செய்ல்ஃபிஷ் ஓ.எஸ். போன். பின்னாளில் ஆண்ட்ராய்டு ஆப் வசதி கட்டணப் பதிப்பில் மட்டும்.

விண்டோஸ் 11: 2021-இல் கணினியில் ஆண்ட்ராய்டு ஆப், அமேசான் ஸ்டோர் வழியாக. 2025 மார்ச் 5-இல் நிறுத்தம்.

வேட்ராய்ட்: லினக்ஸ் கணினிகளிலும் போன்களிலும் ஆண்ட்ராய்டை ஒரு தனிக் கன்டெய்னரில் ஓட்டும் இலவச மென்பொருள்.

மைக்ரோஜி: கூகுள் பிளே சர்வீசஸின் வேலைகளில் சிலவற்றைச் செய்யும் திறந்த மூல மாற்று.

ஐபோன் ஆப்கள்: 2014-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘சைடர்’ என்ற பெயரில் ஆண்ட்ராய்டு சாதனத்தில் ஓட்டிக் காட்டினார்கள். ஆய்வோடு சரி, கடைக்கு வரவில்லை.
————————

‘பாதுகாப்புக் காரணங்களுக்காக...’

லினக்ஸ் போட்ட என் மடிக்கணினியில் வேட்ராய்டை நிறுவிப் பார்த்தேன். ஜன்னலுக்குள் ஒரு முழு ஆண்ட்ராய்டு போன் விரிந்தது. கால்குலேட்டர், செய்தித்தாள் ஆப், தமிழ் கீபோர்டு எல்லாம் சொன்னபடி கேட்டன. விளையாட்டு ஒன்று திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. அது போன் சிப்புக்கென எழுதப்பட்டது, மடிக்கணினியின் சிப் வேறு ஜாதி. மொழிபெயர்க்கும் மென்பொருளைத் தனியாகச் சேர்த்தால் அதுவும் ஓடக்கூடும்.

பிறகு ஒரு வங்கியின் ஆப். தடையில்லாமல் நிறுவியது. திறந்ததும் வங்கியின் சின்னம் பளிச்சென்று வந்தது, வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது. ‘பாதுகாப்புக் காரணங்களுக்காக இந்தச் சாதனத்தில் இயங்காது’ என்று இரண்டு வரி. ‘சரி’ என்ற பட்டனைத் தவிர வேறு வழியில்லை. அழுத்தினால் ஆப் மூடிக்கொள்கிறது.

இங்கே ஆப் ஓடாமல் இல்லை. நன்றாக ஓடித்தான், தான் இருக்குமிடம் சரியில்லை என்று கண்டுபிடித்தது. இதற்கெனக் கூகுள் கொடுத்திருக்கும் வசதிக்குப் பிளே இன்டெக்ரிட்டி என்று பெயர். இது கூகுள் சான்று பெற்ற போன்தானா என்று ஆப் கேட்கும். கூகுளின் சர்வர் கையெழுத்திட்ட ஒரு பதிலைத் தரும். அந்தப் பதிலைப் பார்த்து, உள்ளே விடலாமா என்று முடிவெடுப்பது வங்கியின் சர்வர். கடுமையான சோதனையில் போனின் சிப்புக்குள் தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்ட ரகசியச் சாவி சாட்சி சொல்ல வேண்டும். பிளாக்பெர்ரி காலத்தில் வாசல்களைப் போலச் செய்தால் வேலை நடந்தது. இந்தச் சாவியைப் போலச் செய்ய முடியாது. பூட்டு இப்போது போனில் இல்லை, எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது.

யு.பி.ஐ. ஆப்களுக்கு இன்னொரு படியும் உண்டு. பதிவு செய்யும்போது உங்கள் சிம்மிலிருந்தே ஒரு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். அந்த எண்ணும் அந்தப் போனும் அப்படித்தான் முடிச்சுப் போடப்படுகின்றன. கன்டெய்னருக்குள் அடைபட்ட ஆப்புக்கு சிம் எட்டாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

வங்கிகளைத் திட்டுவது எளிது. போலி ஆப், திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் ஆப் என்று தினமும் யாரோ ஒருவரின் ஓய்வூதியப் பணம் பறிபோகும் நாட்டில், தெரியாத போனில் கணக்கைத் திறக்க வங்கி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. பல ஆண்டுகளாகப் பாதுகாப்பு அப்டேட்டே வராத பழைய போனும், சான்று பெற்றதென்றால், சாதாரணச் சோதனையில் தேறிவிடுகிறது. பாதுகாப்பையே குறிக்கோளாக வைத்து உடனுக்குடன் அப்டேட் தரும் கிராஃபீன் ஓ.எஸ். போன்றவை அதே சோதனையில் தேறுவதில்லை. அப்படியானால் அளக்கப்படுவது பாதுகாப்பா, கூகுளோடு உள்ள ஒப்பந்தமா?

————————
பெட்டிச் செய்தி 2
உங்கள் போனுக்குச் சான்று உண்டா?

பிளே ஸ்டோரைத் திறந்து, வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொடுங்கள். செட்டிங்ஸ், அதில் அபவுட் பகுதி. அங்கே பிளே புரொடெக்ட் சான்றிதழ் என்ற வரியில் உங்கள் சாதனம் சான்று பெற்றதா என்று இருக்கும். முகம் தெரியாத பிராண்டின் மலிவு டேப்லெட், டிவி பாக்ஸ் வாங்கினால், பில் போடும் முன்பு கடையிலேயே இதைப் பார்த்துவிடுவது நல்லது.
————————

கதவைச் சாத்தியவர், ஜன்னலைத் திறந்தவர்

கூகுள் இல்லாமல் வாழ்ந்து காட்ட வேண்டிய கட்டாயம் ஹுவாவேக்கு வந்தது 2019 மே மாதம், அமெரிக்க அரசு அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தபோது. செப்டம்பரில் மியூனிக்கில் அறிமுகமான மேட் 30 போன், கூகுள் சேவைகள் இல்லாமலே வந்தது. கேமராவைப் பாராட்டி எழுதிய விமர்சகர்களே, கூகுள் இல்லாததைச் சொல்லித் தயங்கினார்கள். சீனாவுக்குள் கதை வேறு. அங்கே பிளே ஸ்டோரே கிடையாது. கூகுள் இல்லாத ஆப்கள்தான் அங்கே வழக்கம், வங்கி ஆப் உட்பட. இரவல் ஆப் திட்டம் தடுமாறாமல் நடந்த ஒரே பெரிய சந்தை அதுதான்.

2021-இல் போன்களுக்கு வந்த ஹார்மனி ஓ.எஸ்., ஆண்ட்ராய்டு ஆப்களை ஏற்றது. 2024 அக்டோபரில் வந்த ஹார்மனி ஓ.எஸ். நெக்ஸ்ட் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. ஆண்ட்ராய்டின் நிரலே அதில் இல்லை, ஏ.பி.கே. கோப்பு அதற்குப் புரியாது. பிளாக்பெர்ரி செய்த தவறைச் செய்ய மாட்டோம் என்று சொல்லாமல் சொன்ன முடிவு அது. ஆப் நிறுவனங்கள் ஹார்மனிக்கென்று தனியாக எழுதியே ஆக வேண்டும். சீனர்களின் அன்றாடமே வீச்சாட் என்ற ஆப்பில்தான். அந்த வீச்சாட்டே அப்போது சோதனைப் பதிப்பாகத்தான் வந்து சேர்ந்தது.

ஆனால் மக்கள் விடவில்லை. சின்னச் சின்ன ஆப்கள், வெளிநாட்டு ஆப்கள் எல்லாம் எங்கே என்று கேட்டார்கள். 2025-இல் ஹுவாவேயின் சொந்த ஆப் ஸ்டோரிலேயே ஜுவோயிடோங் என்ற ஆப் கிடைக்கத் தொடங்கியது. வெளியார் நிறுவனம் ஒன்று செய்தது. அதன் வேலை, ஹார்மனிக்குள் ஒரு கன்டெய்னரில் ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்டுவது. அரசு ஆதரவும் உள்நாட்டுச் சந்தையும் கைவசம் உள்ள நிறுவனத்துக்கே ஜன்னலைத் திறக்க வேண்டியிருந்தது என்றால், மற்றவர்கள் எம்மாத்திரம்?

டெல்லியில் விழுந்த ஒரு வரி

இந்தியாவும் இதை ஒருமுறை கிட்டத்தில் பார்த்திருக்கிறது. ஜியோபோனின் காய் ஓ.எஸ். ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்டாது. அதற்கென்றே வாட்ஸ்அப் எழுதப்பட்டு 2018 செப்டம்பரில்தான் வந்தது. போன் வந்ததோ அதற்கு முந்தைய ஆண்டு. 2024 ஜூனில் காய் ஓ.எஸ்.ஸுக்குப் புதிதாக வாட்ஸ்அப் தருவதும் நின்றது.

ஆனால் பெரிய சங்கதி நடந்தது போட்டி ஆணையத்தில். 2022 அக்டோபர் 20-ஆம் தேதி இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பத்திரிகைகள் தொகையைத் தலைப்பாக்கின. கவனிக்க வேண்டியது உள்ளே இருந்த உத்தரவுகள். ஆண்ட்ராய்டின் மாற்று வடிவங்களை விற்கக் கூடாது என்று போன் நிறுவனங்களைக் கட்டிப்போடக் கூடாது என்றது ஒன்று. ஷாங்காயில் ஏசரை மடக்கியது இந்த ரகக் கட்டுதான். அமேசானின் ஃபயர் ஓ.எஸ். போன்களைத் தயாரிக்கப் பல நிறுவனங்கள் முன்வராமல் போனதற்கும் அதுவே காரணம் என்று ஐரோப்பிய ஆணையம் 2018-இல் சொல்லியிருந்தது.

இன்னொரு உத்தரவு நம் விஷயத்தின் மையத்தையே தொட்டது. பிளே சர்வீசஸின் வாசல்களைப் போட்டியாளர்களுக்கு மறுக்கக் கூடாது, அப்போதுதான் ஆப்களை மாற்று ஆண்ட்ராய்டுகளுக்கு எளிதாகக் கொண்டுபோக முடியும் என்றது ஆணையம். சாம்பல் மேப்புக்கும் அடிக்காத மணிக்கும் மருந்து அது. 2023 மார்ச் 29-ஆம் தேதி தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது, கூடவே நான்கு உத்தரவுகளை ரத்து செய்தது. ரத்தான நான்கில் இதுவும் ஒன்று. அபராதம் அப்படியே நின்றதால், கூகுளுக்குத் தோல்வி என்றே அன்று பலரும் படித்தோம். அந்த ஒரு வரி போனதில் யாருக்கு லாபம் என்று கணக்குப் போட்டால் விடை வேறு. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

இதற்கிடையே, 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த பாரோஸ் இயங்குதளம் அறிமுகமானது. ஜனவரி 24 அன்று மத்திய அமைச்சர்கள் அஸ்வினி வைஷ்ணவும் தர்மேந்திர பிரதானும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். மறுநாளே, இந்தியாவில் மாற்று ஆண்ட்ராய்டுகளைத் தயாரிக்கக் கூட்டாளிகளுக்கு இடமளிப்பதாகக் கூகுள் அறிவித்தது. பாரோஸின் அடித்தளமும் திறந்த மூல ஆண்ட்ராய்டுதான், ஆப்கள் ஓடுவதில் சிக்கலில்லை. தேவையில்லாத ஆப் எதுவும் முன்பே திணிக்கப்படாது, அந்தந்த நிறுவனம் நம்பும் ஆப்கள் மட்டும் தனி ஸ்டோரில் வரும் என்பது அதன் கொள்கை. ரகசியம் காக்க வேண்டிய அலுவலகங்களுக்கு அது பொருந்தும். மளிகைக் கடை க்யூ.ஆர். கோடு முன்னால் நிற்பவருக்கு, வங்கியின் சர்வர் இந்தப் போனை ஏற்குமா என்பது தெரிந்தாக வேண்டும். அந்தப் பதில் சென்னை ஐ.ஐ.டி.யில் எழுதப்படுவதில்லை.

வாசலைத் திறப்பது முடியாத காரியமும் இல்லை. கூகுளை மட்டும் கேட்காமல், போனின் சிப்பிலுள்ள சாவியை நேரடியாகச் சரிபார்க்கும் வசதி ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. எந்தெந்த ஓ.எஸ்.ஸை ஏற்பது என்று வங்கியே ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளலாம். ரிசர்வ் வங்கியோ தேசியப் பணப்பரிமாற்றக் கழகமோ ஒரு பொதுப் பட்டியலை வெளியிட்டால், ஒவ்வொரு வங்கியும் தனித்தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. உள்நாட்டு ஓ.எஸ். வேண்டும் என்று மேடையில் பேசும் அரசு முதலில் எழுத வேண்டிய காகிதம் அது என்று நினைக்கிறேன்.

2025 ஆகஸ்ட்டில் கூகுள் இன்னோர் அறிவிப்பும் செய்தது. சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து போடும் ஆப்பாக இருந்தாலும், அதை எழுதியவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் உறுதி செய்திருக்க வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடக்கம், 2027 முதல் மற்ற நாடுகளுக்கு. எதிர்ப்பு கிளம்பியதும், விவரம் தெரிந்தவர்கள் ஆபத்தை ஏற்றுக்கொண்டு நிறுவத் தனி வழி தருவதாகச் சொன்னது. சான்று இல்லாத போன்களுக்கு இந்த விதி பொருந்தாது. வங்கி ஆப் திறக்காத அந்தப் போன்களில் மட்டும், யார் எழுதிய ஆப்பையும் எவரிடமும் கேட்காமல் போட்டுக்கொள்ளலாம்.